வறண்ட மணலில் சவுக்கங்கன்று

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் வாழும் அன்பர்களே! உப்புக் காற்றையும் பறக்கும் மணலையும் தடுத்து, வீட்டையும் தோட்டத்தையும் காப்பது சவுக்கு வேலி என்பதை நீங்கள் அறிவீர்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின், கிழக்குக் கரையின் பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. ஆயினும் நட்ட கன்றுகள் யாவும் மரமாவதில்லை. வளர்ந்த சவுக்கு வறட்சியைத் தாங்கும், இளங்கன்று தாங்காது.

சவுக்கு, மலைநாட்டுப் பைன் மரம்போலத் தோன்றினும் அவ்வினத்தது அன்று. ஊசிபோலக் காணப்படுபவை இலைகளல்ல. மெல்லிய பச்சைக் கிளைகளே. அவற்றிலுள்ள நுண்துளைகளின் வழியே மரம் சுவாசிக்கின்றது. மண் வறண்டால், நீரைக் காக்கும்பொருட்டு இத்துளைகள் மூடிக்கொள்ளும். உடனே உணவு தயாரிப்புக் குறைந்து, வளர்ச்சி நின்றுவிடும். வறட்சி நீடித்தால் நுனிகள் மஞ்சளித்து உதிரும். நீர் உறிஞ்சும் நுண்வேர்கள் மடியும். வேர்முடிச்சுகளில் வாழ்ந்து காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்களும் தொழில் குன்றும். பின்னர் மழை பெய்தாலும், கன்று முதலில் வேரையே புதுப்பிக்க வேண்டியிருப்பதால் வளர்ச்சி பின்தங்கும்.

ஆகையால், கச்சான் காற்று வீசத் தொடங்குமுன் வேர் ஆழத்து ஈரத்தைச் சென்றடைதல் வேண்டும். அதற்குரிய வழிகளாவன:

1. மாரிமழை தொடங்கியதும் நடுங்கள். மழை ஓயும் காலத்தில் நடாதீர்கள்.

2. குழியின் அடியில் ஊறிய பொச்சுமட்டைகளை நார்ப்புறம் மேல்நோக்க அடுக்கி, மணலுடன் மக்கிய சாணமும், பழைய சவுக்கின் அடிமண் ஒரு பிடியும் கலந்து நிரப்புங்கள். அவ்வடிமண்ணில் முற்கூறிய நுண்ணுயிர்கள் உண்டு.

3. பொலித்தீன் பையை முற்றாக நீக்கியே நடுங்கள். சுருண்ட வேர் ஆழம் செல்லாது.

4. கோடையில் ஒரு சாண் ஆழத்து மணலை எடுத்துக் கையாற் பிடித்துப் பாருங்கள். உருண்டையாய் நில்லாது உதிருமாயின் நீர் ஊற்றுங்கள். நாள்தோறும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்; இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனையும்படி ஊற்றுவதே நன்று. உவர்ந்த கிணற்று நீரைத் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

5. கன்றின் அடியில் வைக்கோல் அல்லது சருகு பரப்புங்கள். கச்சான் வீசும் பக்கத்தில் ஒரு கிடுகு நட்டு மறைப்புக் கொடுங்கள். ஆடு மாடுகள் அணுகாவண்ணம் வேலியிடுங்கள்.

முதற் கோடையைக் கடந்த கன்று, வரும் ஆண்டுகளில் உங்களிடம் நீர் கேளாது. அந்த ஒரு கோடைக்கு மட்டும் அதற்குத் துணைநில்லுங்கள். பின்னர் அது உங்கள் ஊருக்குத் துணைநிற்கும்.