ஜீப்பின் முன் ஆக்சிலில் திருப்புத்திறன் பாடம்

திருப்புத்திறனை விளக்க நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் கதவும் சீசா பலகையும்தான். மூலக்குளம், மேட்டுப்பாளையம் பகுதிகளில் இருந்து வரும் நம் மாணவர்கள் பலர் லாரிப் பட்டறைகளைத் தினமும் பார்த்தபடி பள்ளிக்கு வருபவர்கள். அவர்களுக்கு நன்கு தெரிந்த பொருளிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாமே! அதற்குப் பொருத்தமான ஒன்று, நான்கு சக்கர இயக்க ஜீப்பின் முன் ஆக்சில் ஹவுசிங்.

ஹவுசிங் என்பது என்ன?

நடுவில் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களைத் தாங்கும் வார்ப்புக் கூடு. அதன் இருபுறமும் எஃகுக் குழாய்கள். குழாய்களின் முனைகளில் சக்கரம் திரும்ப உதவும் நக்கிள். இவை சேர்ந்ததே ஹவுசிங். சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் இதற்குள் ஓடுகிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஷாஃப்ட் அல்ல, ஹவுசிங்தான்.

தேனி மாவட்டக் கொழுக்குமலைக்கு, கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் ஏறும் பாதை முழுவதும் கற்கள். 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா போன்ற போட்டிகளில் பாதை இன்னும் கடினம். பெரிய டயர், இரும்புப் பம்பர், வின்ச் எனப் போட்டி வண்டியின் எடை கூடும்போது, பழைய ஹவுசிங் தாங்காமல் வளைகிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

முன் ஆக்சில் மேல் 1000 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 500 கிலோ, அதாவது ஏறத்தாழ 5000 நியூட்டன். சக்கரத்தின் மையத்துக்கும் வில்பட்டை அமரும் இடத்துக்கும் இடையே 0.3 மீட்டர் என்றால், திருப்புத்திறன் 5000 × 0.3 = 1500 நியூட்டன் மீட்டர். அகலமான சக்கரம் மாட்டி, அதன் மையம் 5 செ.மீ. வெளியே தள்ளிப்போனால் இது 1750 ஆகிறது. எடை கூடாமலே சுமை ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது! பள்ளத்தில் விழும்போது விசை மும்மடங்கானால், 1500 என்பது 4500 ஆகும்.

சக்கரங்கள் முனைகளை மேலே தள்ள, வில்பட்டைகள் உள்பக்கத்தைக் கீழே அழுத்துகின்றன. குழாயின் மேற்புறம் அமுக்கப்படுகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. ஹவுசிங் சற்றே வளைந்தாலும் சக்கரம் சாய்ந்து டயர் ஒருபக்கமாகத் தேயும், சீல் வழியே ஆயில் கசியும், பேரிங் கெடும்.

வலுவூட்டுவது எப்படி?

பட்டறைகளில் பொதுவாக மூன்று வேலைகள் செய்கிறார்கள். முதலாவது, ஹவுசிங்கின் மேல் முக்கோணச் சட்டம் போல எஃகுத் தகடுகளைப் பற்றவைப்பது. இரண்டாவது, குழாயும் நக்கிள் தாங்கியும் சேரும் மூலையில் தாங்குதகடு வைப்பது. மூன்றாவது, குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகுவது.

முதல் முறை ஏன் அதிகப் பயன் தருகிறது? செவ்வகக் குறுக்குவெட்டுள்ள ஒரு பட்டையின் விறைப்பு, அகலத்தோடு நேர்விகிதத்திலும் உயரத்தின் மும்மடியோடும் கூடுகிறது. 30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள அளவுகோலைப் படுக்கையாக வைத்தால் 30 × 27 = 810. செங்குத்தாக நிறுத்தினால் 3 × 27000 = 81000. பொருள் ஒன்றே, விறைப்பு 100 மடங்கு! இரும்பைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது மேல் என்பது இதன் பொருள்.

பற்றவைப்பிலும் ஓர் அறிவியல் உண்டு. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். மேற்புறத்தில் ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால், அந்தச் சுருக்கமே குழாயின் முனைகளை மேலே இழுத்து வளைத்துவிடும். ஆகவே சிறு சிறு நீளமாக, இடவலமாக மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் பற்றவைக்கிறார்கள். வார்ப்புக் கூட்டை முன்கூட்டியே சூடாக்காமல் பற்றவைத்தால் விரிசல் விடும். வெப்ப விரிவுப் பாடத்துக்கு இது நல்ல தொடர்ச்சி.

வகுப்பில் செய்ய

இரு புத்தக அடுக்குகளின் மேல் பிளாஸ்டிக் அளவுகோலைப் படுக்கையாக வைத்து, நடுவில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு நாணயங்களைப் போடச் சொல்லுங்கள். எவ்வளவு தாழ்கிறது என அளக்கட்டும். பிறகு செங்குத்தாகப் பிடித்து அளக்கட்டும். தொடக்க வகுப்பினர் ஐஸ் குச்சிகளால் சதுரமும் முக்கோணமும் செய்து, எது அமுக்கினால் சாய்கிறது என்று கண்டறியலாம்.

சொல்ல மறக்கக்கூடாதவை

ஹவுசிங்கை வலுவாக்கினால் அதிர்ச்சி மறைந்துவிடாது. அடுத்த பலவீனமான உறுப்புக்குப் போகும். ஷாஃப்டின் இணைப்போ நக்கிளோ உடையலாம். ஓர் உறுப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது என்பதை மாணவர்கள் இங்கே உணரட்டும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வீட்டு வண்டியில் கைவைக்கத் துடிக்கும் மேல்வகுப்பு மாணவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாலையில் உடையும் ஆக்சில், உள்ளே இருப்பவர்களோடு எதிரே வருபவர்களின் உயிரையும் பறிக்கும்.

வாய்ப்பிருந்தால் அனுபவமுள்ள ஒரு வெல்டரை வகுப்புக்கு அழையுங்கள். அவர் கைப்பழக்கமாகச் செய்வதற்கான காரணத்தை மாணவர்கள் பாடநூலில் தேடட்டும். பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தன் தந்தையின் தொழிலிலும் இயற்பியல் இருக்கிறது என்பது அன்று புரியும்.