"முகம் தெரியுது, சத்தம் வர்லீங்க!" கம்ப்யூட்டரில் பேச என்னென்ன வேண்டும்?

கோவை:

அமெரிக்காவில் இருக்கும் பேரனைக் கோவையில் இருந்தபடியே பார்த்துப் பேசலாம். திருப்பூர் பனியன் துணியை லண்டன் வியாபாரிக்கு விரித்துக் காட்டலாம். டெலிபோன் நிலையத்தில் "டிரங்கால்" பதிவு செய்துவிட்டு, மணிக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் மலை ஏறிவிட்டது.

ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், "கண்ணு, முகம் தெரியுது. சத்தம் வர்லையே!" என்ற கூச்சல்தான் பல வீடுகளில் கேட்கிறது.

இதற்குப் பெரிய செலவு தேவை இல்லை. கேமரா, மைக், ஹெட்போன், இன்டர்நெட் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் போதும்.

பின்னைப் பார்த்து வாங்குங்கள்

லேப்டாப்பில் கேமராவும் மைக்கும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். மேசைக் கம்ப்யூட்டருக்கு "வெப்கேமரா" தனியாக வாங்க வேண்டும். யு.எஸ்.பி. துளையில் சொருகினால் வேலை செய்யும்.

மேசைக் கம்ப்யூட்டரில் ஹெட்போனுக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ் என்று இரண்டு துளைகள் இருக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே துளைதான். இரண்டு பின் உள்ளதை வாங்கி வந்தால் ஒன்று வெளியே தொங்கும்! யு.எஸ்.பி. ஹெட்போன் என்றால் இந்த வம்பு இல்லை.

ஸ்பீக்கரில் பேசினால் அவர் குரலே நமது மைக்கில் புகுந்து, அவருக்கு எதிரொலியாகத் திரும்பலாம். ஹெட்போன் மாட்டினால் அது நின்றுவிடும்.

சத்தம் வராதது ஏன்?

முதல் தடவை பேசும்போது, "கேமரா, மைக்கை உபயோகிக்கலாமா?" என்று கம்ப்யூட்டர் அனுமதி கேட்கும். அவசரத்தில் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டால் எதுவும் வேலை செய்யாது. செட்டிங்கில் போய் அனுமதி கொடுக்க வேண்டும்.

ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கரியாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள்.

எவ்வளவு வேகம்?

இரண்டு பேர் தெளிவான படத்துடன் பேச, நொடிக்கு 1.2 மெகாபிட் வேகம் போதும் என்கிறது ஜூம் நிறுவனம். போகவும் வரவும் அந்த வேகம் வேண்டும். படம் திக்கினால் கேமராவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம். அதற்கு 100 கிலோபிட்டே தாராளம்.

கரண்டு போனால் லேப்டாப் ஓடும், மோடம் நின்றுவிடும். அதையும் யு.பி.எஸ்.சில் இணைத்து வையுங்கள்.

ஸ்கைப் போச்சு!

2003-ல் தொடங்கிய "ஸ்கைப்", 2025 மே 5-ந் தேதி மூடப்பட்டுவிட்டது. இப்போது ஜூம், கூகுள் மீட், வாட்ஸ்அப் ஆகியவற்றில் பேசலாம். ஜூமில் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் 3 பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் 60 நிமிடம்.

உஷார்! உஷார்!

போலீஸ் உடையில் ஒருவர் திரையில் தோன்றி, "உன் பெயரில் வழக்கு இருக்கிறது. கேமராவை அணைக்காதே. பணத்தை அனுப்பு" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். அது "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடி! வீடியோ காலில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. பிரதமர் மோடியும் 2024 அக்டோபர் 27-ந் தேதி ரேடியோவில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

உடனே இணைப்பைத் துண்டியுங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், "மானம் போகுமே" என்று மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைப் பாங்கியிலேயே முடக்க வழி உண்டு.