சேரும் முன்பே கேளுங்கள்!

ப்ளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு விமானப்படை பைலட் ஆக வேண்டுமென்று ஆசை. "ஆயுசுக்கும் பென்ஷன் வரும்"னு நானும் பூரித்துப் போயிருந்தேன். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதிகாரிகளுக்கு பென்ஷன் கிடைக்க 20 வருட சர்வீஸ் வேண்டுமாம். குறுகிய காலப் பணியில் சேரும் பைலட்டுக்கோ 14 வருடம்தான்!

1990-களில் சேர்ந்து, நிரந்தரப் பணி கிடைக்காமல் வெளியே வந்த விமானப்படைப் பெண் அதிகாரிகள் 32 பேர் கோர்ட் படியேறினார்கள். 2022 நவம்பரில்தான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் அவர்களுக்கு பென்ஷனுக்கு வழி பிறந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் நம் பெண்களும், பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும் என்பது தெரியாமல் எட்டாம் வருடமே நின்றுவிடுகிறார்களே!

மகளிடம் சொல்லிவிட்டேன்... "தாராளமா பைலட் ஆகு கண்ணு. ஆனா எத்தனை வருஷம் வேலை, அப்புறம் என்னன்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ!"

- ஒரு வாசகி, ஆலங்காயம்.