கடைசி வரிசை

பழவேற்காட்டில் ஒரு வேனில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் யாரும் ஆர்.சி. புத்தகத்தைத் தேட மாட்டார்கள். கதவு சாத்துகிறதா என்று பார்ப்பார்கள். சாத்தினால் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். லைட்ஹவுஸ் குப்பத்தில் நிச்சயதார்த்தம், கோரைக்குப்பத்தில் காது குத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரியவரைப் பார்க்கிற வேலை என்று எதற்கும் இந்த ஊர்களில் இரண்டு பேராகக் கிளம்புகிற பழக்கம் கிடையாது. பங்காளி, மாமன் மச்சான், பிள்ளைகுட்டி எல்லாம் சேர்ந்ததுதான் பயணம். ஆகவே இங்கே குடும்ப வண்டி என்றால் அது வேன்தான். கார் இரண்டாம்பட்சம்.

வேனுக்கு முன்பு தண்ணீர்தான் பாதை. 1878-இல் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற கால்வாய் வழியாக விறகும் உப்பும் கிளிஞ்சலும் சென்னைக்குப் படகில் போயின. பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்துப் பேருந்துக்கு நின்றார்கள். பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ ரயில் பிடித்தார்கள். சாலையில் எதிரே வந்தது பெரும்பாலும் மாட்டு வண்டி, சைக்கிள், ஒற்றை பஸ். மோதினாலும் முட்டி சிராய்ப்போடு போகும்.

1984-இல் மாருதி வேன் வந்தது. நான்கு வருஷம் கழித்து அதற்கு ஆம்னி என்று பெயர் மாறியது. ஊர் வாயில் அது கடைசி வரை மாருதி வேன்தான். 796 சி.சி. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். அதனால் முன்னால் மூக்கே கிடையாது. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே ஒரு தகடு, ஒரு விளக்கு, ஒரு பம்பர், அவ்வளவுதான். மோதும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் மனிதனின் கால் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதை யார் பார்த்தார்கள்? பின்சீட்டைக் கழற்றினால் மீன் பெட்டி ஏறும், மாட்டினால் கல்யாண வீடே ஏறும். விலையும் குறைவு. குப்பத்துக்கு அதைவிடத் தோதான வண்டி இருக்க முடியாது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்க்க ஆரம்பித்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம், வண்டியின் முகத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் இடிக்கும். உள்ளே பெல்ட் போட்ட பொம்மைகள். 2016-இல் ஆம்னியின் தம்பியான ஈக்கோவை இடித்தார்கள். ஏர்பேக் இல்லாத அந்த வண்டிக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். வண்டியின் கூடே நிலைகொள்ளவில்லை என்றார்கள். பிறகு சட்டம் வந்தது. 2019 ஜூலை முதல் டிரைவருக்கு ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி எல்லாம் கட்டாயம். அதே ஆண்டு ஆம்னி தயாரிப்பு நின்றது.

இன்று கையில் காசு இருக்கிற வீட்டில் எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா. மூன்று வரிசை, ஏழெட்டு சீட். அரசே 2023-இல் பாரத் என்கேப்பைத் தொடங்கியது. 2025-இல் இன்னோவா ஹைகிராஸ் அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆம்னியிலிருந்து இது எவ்வளவு தூரம்! ஆனால் நட்சத்திரத்தை நகைக்கடை ஹால்மார்க் மாதிரி நம்பக் கூடாது. எர்டிகா 2019-இல் குளோபல் என்கேப் பரீட்சையில் மூன்று நட்சத்திரம் எடுத்தது. விதிகளைக் கடுமையாக்கிய பின் 2024-இல், இந்தியாவில் செய்து தென்னாப்பிரிக்காவில் விற்கும் எர்டிகாவை இடித்தபோது ஒன்றுதான் கிடைத்தது. அதே ஆண்டு, 2023 மே மாதம் வரை தயாரான கேரன்ஸுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். திருத்தி வந்த கேரன்ஸுக்கு மூன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. பழைய வண்டிச் சந்தையில் யார் பிரித்துச் சொல்வார்?

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தப் பரீட்சையில் பொம்மைகள் எங்கே உட்காருகின்றன? பெரிய பொம்மைகள் முன் சீட்டில், குழந்தைப் பொம்மைகள் இரண்டாவது வரிசையில், அவற்றுக்குரிய தனி இருக்கையில். மூன்றாவது வரிசை காலி. நம் வீட்டு வேனில் மூன்றாவது வரிசையில் யார்? பிள்ளைகள். பெரியவர்களுக்குக் கால் மடங்காது, சின்னதுகள் பின்னால் போகட்டும் என்பதுதான் எல்லா வீட்டு ஏற்பாடும். அங்கே தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண். பின்னாலிருந்து லாரி இடித்தால் என்ன ஆகும் என்று எந்த நட்சத்திரமும் சொல்லாது.

அமெரிக்காவும் இதில் பெரிய யோக்கியம் இல்லை. அங்கே குடும்ப வேன் என்றால் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிற வண்டி. 2023-இல் அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் பின்சீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அளவுள்ள பொம்மையை வைத்து நான்கு வேன்களை இடித்துப் பார்த்தது. பசிஃபிகா, கார்னிவல், சியன்னா, ஒடிசி நான்கில் ஒன்றுகூட நன்று என்ற தரமோ, ஏற்கத்தக்கது என்ற தரமோ பெறவில்லை. முன் சீட்டுக்காக ஆண்டாண்டாகச் செய்த மேம்பாடு பின்சீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் சங்கதி.

இதில் வேடிக்கை, எங்கே உட்கார வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. படகில் ஏறினால் “அண்ணே, நீங்க அந்தப் பக்கம், பெரியம்மா, நடுவுல குந்துங்க” என்று ஆளை எடை பார்த்து உட்கார வைப்பார்கள். முகத்துவாரத்தில் அலை எப்போது புரட்டும் என்பது அத்துப்படி. தெரிந்தும் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் கிடையாது. அதன்பின் பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் படகு என்றாலே அதிகாரிகள் பிடித்து நிறுத்தினார்கள். சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்களை இறக்கிவிடும் வேன்களில் எத்தனை பேர் என்று அன்றும் யாரும் எண்ணவில்லை, இன்றும் எண்ணுவதில்லை. பெல்ட் போடச் சொன்னால் வரும் பதில் ஒன்றுதான்: “பொன்னேரிதானே!”

பொன்னேரிதான். ஆனால் சாலை பழைய சாலை அல்ல. எண்ணூரில் 2001-இல் ஒரு துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளியில் இன்னொன்று. மீஞ்சூர்ப் பக்கம் திரும்பினால் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக வருகின்றன. 64 கிலோமீட்டர் பரீட்சை ஏறக்குறைய தன் எடையுள்ள வண்டியோடு நேருக்கு நேர் மோதுவதற்குச் சமம். டிரெய்லர் அந்தக் கணக்கில் வராது.

வேனும் கிடைக்காதபோது குட்டி யானை. டாடா ஏஸின் பின்தட்டில் நின்றபடி கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் பார்க்காத ஊர் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்குப் பின் சரக்கின் சொந்தக்காரர் சரக்கோடு போனால் காப்பீட்டுக்கு வாதாட வழி உண்டு. சும்மா ஏறிய பயணிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீன் கூடையோடு ஏறிய பெண்ணுக்காவது ஒரு வாதம் மிஞ்சும். பட்டுச்சேலையோடு ஏறியவருக்கு அதுவும் இல்லை.

சட்டம் மாறினாலும் அது ஃபேக்டரி வாசலில்தான் மாறுகிறது. குப்பத்துக்கு வருவது மூன்றாம் கை வண்டி. 2012-இல் செய்த ஈக்கோ இன்னும் ஓடுகிறது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். அதற்குள் உப்புக்காற்று தன் வேலையைப் பார்த்திருக்கும். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் தேங்கும். தகடு பொரிந்து கையோடு வரும். டிங்கரிங் பட்டறையில் ஒட்டுத் தகடு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் எஃப்.சி.க்கு வண்டி பளபளவென்று நிற்கும். கூட்டின் பலம் அந்தப் பட்டிக்குள் இல்லை. பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டும் அதே தகட்டில்தான் நிற்கிறது.

புது வண்டியிலும் ஒரு கூத்து நடக்கிறது. ரெக்சின் சீட் கவர் மாட்டுகிறவர் பின்சீட்டு பெல்ட்டின் பக்கிளை உள்ளே தள்ளிவிட்டுத் தைத்துவிடுகிறார். பார்க்க நேர்த்தியாக இருக்கிறது என்று வண்டிக்காரரும் காசு கொடுக்கிறார். பின்னால் உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும் என்பது விதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பக்கிளே கவருக்குள் கிடந்தால் எதில் மாட்டுவது?

பழைய வேன் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைக்கிறார்கள், ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கிறார்கள், எஃப்.சி. எப்போது முடிகிறது என்று கேட்கிறார்கள். கடைசி சீட்டைத் தூக்கி, விரிப்பை விலக்கி, பெல்ட் போல்ட்டைச் சுற்றியுள்ள தகட்டை ஒரு சாவியால் சுரண்டிப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. சாவி உள்ளே இறங்கினால் விலை பேச வேண்டியதில்லை.