தேனீ சொல்லும் பாடம்: உடனிருப்போருக்கும் ஓய்வு தேவை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர், சில வேளைகளில் ஒரு புட்டி மலைத்தேனையும் உடன் கொண்டு வருகின்றனர். “இதைக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா, டாக்டர்?” என்று எங்களிடம் கேட்கின்றனர். தேன் நல்ல உணவு. ஆனால் ஆயுளையோ எதிர்ப்பாற்றலையோ கூட்டும் மருந்தன்று. எனினும், அத்தேனைச் சேர்த்த தேனீயின் வாழ்வில் நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

ஒரே கூட்டில் வாழும் இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து தோன்றுபவை. புழுப் பருவத்தில் கிடைக்கும் உணவே அவற்றைப் பிரிக்கிறது. இராணி சில ஆண்டுகள் வாழ்கிறது. வேலைக்காரத் தேனீயோ சுறுசுறுப்பான பருவத்தில் சில வாரங்களே வாழ்கிறது.

இவ்வேறுபாட்டில் ‘விட்டெல்லோஜெனின்’ என்னும் புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. ஐரோப்பியத் தேனீயில் நடந்த ஆய்வுகள் இதன் பணிகளை விளக்கின. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அணுக்களுக்குத் தேவையான துத்தநாகத்தை இது சுமந்து செல்கிறது. உடலின் இயக்கத்தில் உண்டாகும் ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளின் தாக்குதலைத் தானே ஏற்று, பிற உறுப்புகளைக் காக்கிறது. ஆயுள், எதிர்ப்பாற்றல், நெருக்கடியைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே கயிற்றில் பிணைந்துள்ளன.

கூட்டுக்குள் குஞ்சுகளைப் பேணும் செவிலித் தேனீயிடம் இப்புரதம் மிகுதி. அதே தேனீ வெளியே பறந்து மதுரமும் மகரந்தமும் திரட்டத் தொடங்கியதும் இது குறைகிறது, எதிர்ப்பணுக்களும் அழிகின்றன. ஆனால், வெளியே உழைத்த தேனீக்களை மீண்டும் செவிலிப் பணிக்குத் திருப்பியபோது, புரதமும் எதிர்ப்பணுக்களும் மீண்டும் பெருகின என்று 2005இல் க்ரோ அம்தாம் குழுவினர் கண்டறிந்தனர். தளர்ந்த எதிர்ப்பாற்றல் எல்லா வேளையிலும் மீளாத இழப்பன்று என்பதை இது காட்டியது.

மனித உடல் இதே புரதத்தை நம்பி இயங்கவில்லை. எனவே தேனீயின் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்தலாகாது. ஆயினும், நீண்டநாள் மனச்சுமை நம் எதிர்ப்பாற்றலையும் தளர்த்துகிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வில், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களின் கையில் ஒரு சிறு காயம் உண்டாக்கப்பட்டது. அது ஆற ஏறத்தாழ 49 நாள்கள் ஆயின. அத்தகைய பொறுப்பில்லாத, ஒத்த வயதுடைய 13 பெண்களுக்கு 39 நாள்களே போதுமானவையாக இருந்தன. சிறிய ஆய்வுதான், ஆயினும் கவனிக்கத்தக்கது.

வாரக்கணக்கில் படுக்கையருகே அமர்ந்து, நேரத்துக்கு உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. பொறுப்பைக் குடும்பத்தார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். இரவுத் துணைக்கு ஒருவரே தொடர்ந்து தங்க வேண்டாம். உங்களுடைய சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள். உங்களுக்குக் காய்ச்சலோ ஆறாத புண்ணோ இருந்தால் மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். அது நோயாளியின் பாதுகாப்புக்கும் உதவும்.

தேனைப் பொறுத்தவரை, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைச் சிறிதும் கொடுக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் அதைச் சர்க்கரையாகவே கருத வேண்டும். எதிர்ப்பாற்றலைக் கூட்டும் எனக் கூறப்படும் பொடிகளையும் லேகியங்களையும் மருத்துவரைக் கேளாமல் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம்.

நோயாளியைப் பேணுபவரின் உடல்நலமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. சற்று ஓய்வெடுப்பது கடமையிலிருந்து விலகுவதாகாது.