டி.ஜே.க்களின் காலை வாரும் 'ஹெட்செட்' மைக்: வாங்கும் முன் அலைவரிசையை பாருங்க!

சென்னை:

கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழா, அபார்ட்மெண்ட் புத்தாண்டு கொண்டாட்டம்... எங்கே பார்த்தாலும் இப்போது டி.ஜே.தான். பாட்டு போட்டால் மட்டும் போதாது. மணமக்களை மேடைக்கு அழைக்கணும், ஓரமாக நிற்கும் மாமாவையும் சித்தப்பாவையும் ஆட வைக்கணும். இரண்டு கையும் லேப்டாப், மிக்சர் என்று பிசியாக இருக்கும்போது மைக்கை எந்தக் கையில் பிடிப்பது? அதனால்தான் தலையில் மாட்டிக் கொள்ளும் வயர்லெஸ் ஹெட்செட் மைக்குக்கு இத்தனை மவுசு.

ஆனால், மணமக்கள் மேடையேறும் நேரம் பார்த்து மைக் 'கொர்...' என்று இழுத்தால்? "சவுண்டு வரல" என்று கூட்டம் கத்தும். பேசிய பணத்தில் பாதி கைக்கு வராது. அதே மண்டபத்தில் கிடைக்க வேண்டிய அடுத்த ஆர்டரும் போச்சு. இந்த சொதப்பலில் பெரும்பகுதி மைக்கின் விலையால் வருவதில்லை. தப்பான அலைவரிசை, தப்பாக மாட்டுவது, பேட்டரி... இந்த மூன்றும்தான் வில்லன்கள்.

செல்போன் பிடித்த இடம்

வயர்லெஸ் மைக் என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். இடுப்பில் இருக்கும் டப்பா அனுப்புகிறது, மேஜையில் இருக்கும் ரிசீவர் வாங்குகிறது. அதே அலைவரிசையில் வேறு யாராவது புகுந்தால் கதை முடிந்தது.

703 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி இந்தியாவில் செல்போன் சேவைக்கு போய்விட்டது. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் ஜியோ இதில் நாடு முழுவதற்கும் இடம் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கியது. அதற்கு முன் நன்றாக வேலை செய்த பழைய மைக் செட், செல்போன் டவர் அருகே உள்ள மண்டபத்தில் திடீரென இரைவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் மைக்குகளுக்கு 2010 ஜூன் 12 முதலே தடை. எனவே 'பாரின் சரக்கு, பாதி விலை' என்று யாராவது பழைய செட்டை நீட்டினால், டப்பாவின் பின்பக்க ஸ்டிக்கரில் என்ன எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரிச்சி தெருவில் புது செட் வாங்கினாலும் இதுதான் முதல் கேள்வி. சேனலை மாற்றும் வசதி கட்டாயம் வேணும். ஒரே அலைவரிசையில் பூட்டிய செட் என்றால் வேண்டவே வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. சின்ன ஹாலுக்கு ஓகே. ஆனால் வைபை, புளூடூத் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. காலி மண்டபத்தில் டெஸ்ட் செய்தபோது கணீரென்று பேசிய மைக், 500 பேர் செல்போனோடு வந்து உட்கார்ந்ததும் திணறும். மனித உடம்பும் இந்த அலையை உறிஞ்சிவிடும். செல்போனுக்கான புளூடூத் ஹெட்செட்டை மைக்காக மாற்றும் வேலையும் உதவாது. பேசிய பிறகு சற்று தாமதித்து சத்தம் வரும், பேசுகிறவருக்கே நாக்கு குழறும்.

ஊளை ஏன்?

ஹெட்செட் மைக்கில் இரண்டு ரகம். நாலா பக்கமும் கேட்கும் 'ஓம்னி', முன்பக்கத்தை மட்டும் அதிகம் கேட்கும் 'கார்டியாய்டு'. ஸ்பீக்கருக்கு பக்கத்திலேயே நிற்பது டி.ஜே.யின் தலைவிதி. ஓம்னி மாட்டினால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். எனவே கார்டியாய்டுதான் பாதுகாப்பு.

அதை வாய்க்கு நேர் எதிரே வைத்தால் 'ப', 'ட' எல்லாம் வெடி மாதிரி கேட்கும். உதட்டு ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். பஞ்சு உறையை கழற்றக் கூடாது. வியர்வையையும் ஓரளவு அதுதான் தடுக்கும்.

பாட்டு கேட்கும் ஹெட்போனையும் தலையில் மாட்ட வேண்டும் என்பதால், பின்கழுத்து வழியாக வரும் மெல்லிய கம்பி ரகம்தான் வசதி. ஒரு கம்பெனி மைக் பின் இன்னொரு கம்பெனி டப்பாவுக்கு சேராது. ஷூர் செட்டில் 4 பின், சென்ஹைசரில் திருகும் 3.5 மில்லிமீட்டர் பின். தனியாக மைக் வாங்கும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்க.

நிகழ்ச்சிக்கு முன் செய்ய வேண்டியவை

* இடுப்பு டப்பாவை ஆப் செய்துவிட்டு ரிசீவரை மட்டும் ஆன் செய்யுங்கள். சிக்னல் விளக்கு எரிந்தால் அந்த சேனலில் வேறு யாரோ இருக்கிறார்கள். மாடி ஹாலில் நடக்கும் இன்னொரு பங்ஷன் மைக்காகவும் இருக்கலாம். உடனே சேனலை மாற்றுங்கள்.

* எல்.இ.டி. திரையை ஆன் செய்த பிறகு இந்த சோதனையை நடத்துங்கள். அதிலிருந்தும் இரைச்சல் வரும். ரிசீவரை திரைக்கு பக்கத்திலோ, மேஜைக்கு அடியிலோ வைக்காதீர்கள். டி.ஜே. நிற்கும் இடத்தில் இருந்து ஆன்டெனா கண்ணுக்கு தெரியணும்.

* சாதாரணமாக "ஹலோ, ஹலோ" சொல்லி லெவல் வைக்காதீர்கள். "எல்லாரும் கை தட்டுங்க!" என்று முழு குரலில் கத்தும்போதும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது.

* ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான், சாதா அல்கலைன் 1.5 வோல்ட். ரீசார்ஜ் ரகம் கடைசி வரை தெம்பாக இருப்பது போல் காட்டி திடீரென படுத்துவிடும். மீட்டரை நம்பி ஏமாற வேண்டாம்.

* மியூட் பட்டன் எங்கே என்று விரலுக்கு தெரிந்திருக்க வேண்டும். "பிரியாணி எப்பப்பா வரும்?" என்று உதவியாளரிடம் கேட்டது ஸ்பீக்கரில் போனால் மானம் போச்சு.

வயர் மைக் ஒன்று கட்டாயம்

எத்தனை உசத்தி செட்டாக இருந்தாலும், வயர் மைக் ஒன்றை மிக்சரில் சொருகி ரெடியாக வைப்பது நல்லது. குழந்தை காணவில்லை, வாசலில் காரை எடுங்க என்ற அவசர அறிவிப்புக்கும் மேடை மைக்தான் கதி.

திறந்தவெளி நிகழ்ச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே ஒலிபெருக்கிக்கு பொதுவாக தடை. மைக்கை சரி செய்வதில் கால் மணி நேரம் போனால் அது போனதுதான்.