தண்ணீர் தொடாத புத்தகங்கள்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் கூடுவாஞ்சேரி ஏரிகளின் உபரிநீர் தெருக்களில் புகுந்தபோது, எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவுக்கு நீர் நின்றது. மர அலமாரியின் கீழ்த்தட்டு நூல்கள் நனைந்துவிட்டன. இரும்பு பீரோவின் மேல்தட்டுகளில் என் தந்தையார் சேர்த்துவைத்திருந்த நூல்களை நீர் தொடவில்லை. அவையாவது தப்பின என்ற நிம்மதியில் பீரோவைப் பூட்டிவைத்தேன். போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்யத் திறந்தபோது புழுங்கல் நாற்றம் முகத்தில் அறைந்தது. அட்டைகளெங்கும் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். மின்விசிறிக் காற்றில் தாள் தாளாகப் பிரித்து உலர்த்திய நனைந்த நூல்களோ, சற்றே நெளிந்திருந்தாலும் இன்றும் படிக்கும் நிலையில் உள்ளன.

இந்த முரணுக்கு விடை எளியது. பூசண வித்துகள் எப்போதும் காற்றில் மிதந்துகொண்டிருப்பவை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள்கள் நீடித்தால், தாளும் பசையும் துணிக்கட்டும் அவற்றுக்கு விளைநிலமாகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடலோர மாவட்டங்களில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைக் கடப்பது இயல்பு. நான் பூட்டியது நூல்களை மட்டுமன்று; அடித்தட்டில் ஊறியிருந்த ஈரத்தையும் சேர்த்துத்தான். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்த ஈரம் போக வழியில்லை.

வெப்பமும் பகைதான். தாளிலுள்ள அமிலம் அதை நொறுக்கும் வேகத்தை வெப்பம் கூட்டுகிறது. ஆனால் அதற்கான மருந்தாக நாம் நம்பும் குளிர்சாதனம், அரைகுறையாக இயங்கினால் கேட்டையே கூட்டும். பகலில் குளிரூட்டி, மாலையில் நிறுத்திப் பூட்டிவிடும் அறையைக் கருதுங்கள். இரவில் வெளியிலிருந்து கசியும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்திருக்கும் நூல்களைத் தொட்டதும் தன் ஈரத்தை அவற்றிடம் விடுகிறது. காலையில் மீண்டும் குளிரூட்டல். தினந்தோறும் தாள் உப்பியும் சுருங்கியும் பைண்டிங் தளர்கிறது. நாள் முழுதும் இயக்க வசதியில்லாத நூலகத்துக்கு, குளிர்சாதனத்தைவிட எதிரெதிர்ச் சன்னல்களும் மின்விசிறியும் மேலானவை என்பது என் துணிபு. மழை நாளில் மட்டும் சன்னலைச் சாத்திவிட வேண்டும்.

பூச்சியைப் பற்றி நம் முன்னோர் நிறையவே அறிந்திருந்தனர். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைக்கும் வழக்கம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உண்டு. இது பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. (பச்சை வேப்பிலையை நூலுக்குள் செருகுவோர் ஈரத்தையும் சேர்த்தே செருகுகிறார்கள்.) ஈரம் தங்கிய இடத்துக்குக் கரையானும் இராமபாணப் பூச்சியும் அழையாமலே வரும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகத் திரட்டிய அச்சுநூல்கள், 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. வேறெங்கும் கிடைக்காத பல நூல்கள் நுண்படத்தில் பதியப்பட்டன. ஆனால் ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் சிகாகோ வராது. அங்கே கிடக்கும் ஊர் மலர்களும், மறுபதிப்புக் காணாத நூல்களும் ஒற்றைப் படியாகவே இருக்கலாம்.

சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரியும் செலுத்துகிறோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை ஒவ்வொரு கிளை நூலகத்திலும் மாட்டி, காலையும் மாலையும் அளவைக் குறிப்பேட்டில் எழுதலாம். அலமாரிகளைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடலாம். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தலாம். வெள்ளத்தில் நனைந்தவற்றை இரண்டு நாள்களுக்குள் விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். சுடு வெயில் ஆகாது. அதற்குள் முடியாதவற்றை நெகிழிப் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்தால் பூசணம் வளராமல் காலம் கிடைக்கும். 2015-இல் எனக்கு இது தெரியாது.

தந்தையாரின் நூல்களில் பதினொன்று மிஞ்சின. அவை இப்போது திறந்த மர அலமாரியில், சுவரை ஒட்டாமல் நிற்கின்றன. பக்கத்தில் ஈரப்பதமானி. முள் 65-ஐத் தாண்டினால் விசிறியைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.